ஸ்வீடனில் முதுநிலைப் படிப்பு: ஸ்வீடிஷ் தெரியாமல் இரண்டு வருடம் ஓட்ட முடியுமா?

கோவைமலர்

எல்லோருக்கும் வணக்கம். லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு, ஆகஸ்டு கடைசியில் தொடக்கம். பாடம் முழுக்க ஆங்கிலத்தில்தான் என்று போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வழிகாட்டும் ஏஜென்சிக்காரர், "ஸ்வீடிஷ் ஒரு வார்த்தைகூட வேண்டாம், அங்கே பஸ் டிரைவரே ஆங்கிலம் பேசுவார்" என்கிறார். ஸ்டாக்ஹோமில் படித்துவிட்டுத் திரும்பிய சித்தப்பா மகனோ, மொழி தெரியாததால்தான் வேலை கிடைக்கவில்லை என்று இன்னும் வருத்தப்படுகிறான். யார் சொல்வதை நம்புவது?

அப்பா வங்கியில் கல்விக்கடனுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். கையெழுத்துப் போடும் முன் இந்தப் பதில்களை அவருக்கும் காட்டப்போகிறேன். தங்குமிடம், பகுதிநேர வேலை, குளிர் பற்றியும் அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

வெட்டர்ன்கரை

வாழ்த்துகள் மலர். நானும் லின்ஷோப்பிங்கில் படித்தவன். ஏஜென்சிக்காரர் சொல்வது வகுப்பறையைப் பற்றி, அது சரிதான். உங்கள் சித்தப்பா மகன் சொல்வது வகுப்பு முடிந்த பிறகு வரும் வாழ்க்கையைப் பற்றி, அதுவும் சரிதான்.

படிப்பில் ஆங்கிலத்துக்கு ஒரு குறையும் இருக்காது. ஒரு பருவத்துக்கு 30 கிரெடிட், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பாடங்கள்தான் ஓடும். ஒன்றை முடித்துத் தேர்வு எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவீர்கள். தவறினால் மறுதேர்வு உண்டு. வகுப்பில் முதலாவது, இரண்டாவது என்று ரேங்க் கிடையாது. பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நமக்கு முதலில் நாக்கு எழாது, ஆனால் அங்கே 'சார்' போட்டால் அவர்களுக்குத்தான் சங்கடம்.

நீங்கள் இன்றே கவலைப்பட வேண்டியது வீட்டைப் பற்றி. ஸ்வீடனில் மாணவர் குடியிருப்பு வரிசைப்படிதான் கிடைக்கும். பதிவு செய்த நாளிலிருந்து உங்கள் நாட்கள் சேர்ந்துகொண்டே வரும், நாள் அதிகம் உள்ளவருக்கே அறை. ஸ்டாக்ஹோமில் எஸ்.எஸ்.எஸ்.பி., லுண்டில் ஏ.எஃப். பொஸ்டேடர், கோத்தன்பர்க்கில் எஸ்.ஜி.எஸ்., லின்ஷோப்பிங்கில் ஸ்டூடெண்ட்பொஸ்டேடர் என்று ஊருக்கு ஊர் தனி நிறுவனம், தனி வரிசை. கட்டணம் கட்டிப் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களுக்கு அறை விஷயத்தில் உதவும் பல்கலைக்கழகங்களும் உண்டு, ஆனால் அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி. அனுமதிக் கடிதத்தோடு வந்த மின்னஞ்சல்களை ஒன்றுவிடாமல் படித்துப் பாருங்கள்.

கிடைப்பது பெரும்பாலும் 'கொரிடோர்' அறைதான். உங்களுக்கென்று ஓர் அறை, ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்து ஒரு சமையலறை. லின்ஷோப்பிங்கில் ரீட் என்ற பகுதியில் இப்படி ஏராளம், அங்கிருந்து வளாகத்துக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். வாடகை மாதம் 4,000 முதல் 5,500 க்ரோனர்வரை இருக்கும். ஸ்டாக்ஹோமில் யாரோ ஒருவரின் வீட்டில் ஓர் அறை எடுத்தாலே அதைவிட நிறைய ஆகும்.

துறைமுகநகர்

நான் கோத்தன்பர்க்கில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். இங்கே ஸ்வீடிஷ் இல்லாமல் வாழவே முடியாது என்று பயமுறுத்துவதை நான் ஏற்கவில்லை. அலுவலகக் கூட்டங்கள் ஆங்கிலத்தில், ஆவணங்கள் ஆங்கிலத்தில். வரி அலுவலகம், மருத்துவமனை எங்கே போனாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். கடைக்குப் போனால் நாமே ஸ்கேன் செய்து, நாமே கார்டு தேய்த்து வெளியே வந்துவிடலாம்.

முதுநிலைப் படிப்பே சுமை. அதோடு மொழிப் பாடத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டு மதிப்பெண்ணைக் கோட்டைவிட வேண்டாம். நல்ல ஆய்வறிக்கை, நிறுவனத்தோடு சேர்ந்து செய்யும் புராஜெக்ட், இவைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தன.

வடமராட்சியான்

துறைமுகநகர் தம்பி சொல்வது மென்பொருள் ஆட்களுக்குப் பொருந்தும். நான் இங்கே ஸ்டாக்ஹோமில் கனகாலமாக இருக்கிறேன், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் வேறு பக்கத்தில் இருந்து கதைக்கிறேன், தங்கச்சி.

மொழி தெரியாமல் இருக்கலாம், உயிர் போகாது. ஆனால் ஒரு வட்டத்துக்குள்ளேயே நின்றுவிடுவீர்கள். வெளிநாட்டு மாணவர்கள் ஒரு பக்கம், உள்ளூர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம். அலுவலகத்தில் கூட்டம் ஆங்கிலத்தில் நடக்கும். கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கப் போனதும் எல்லாரும் ஸ்வீடிஷுக்கு மாறிவிடுவார்கள். எந்தத் திட்டம் வருகுது, யார் வேலையை விட்டுப் போகிறார், எங்கே ஆள் தேவை, இதெல்லாம் அந்தக் கோப்பி மேசையில்தான் தெரியவரும். அங்கே பேசாமல் இருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

வீடு பற்றி ஒரு முக்கியமான விசயம், அப்பாவும் வடிவாக வாசிக்கட்டும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஏமாற்றுக்காரருக்கு அறுவடை. விளம்பரத்தில் வடிவான அறை, மலிவான வாடகை. "நான் இப்ப லண்டனில் நிற்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன், முதல் மாத வாடகையையும் முற்பணத்தையும் போட்டுவிடுங்கோ" என்று எழுதுவான். நம்பிக்கைக்குப் பாஸ்போர்ட் படமும் அனுப்புவான். எங்களுக்குத் தெரிந்த பெடியன் ஒருவன் இப்படிக் காசு கட்டிவிட்டு, இங்கே வந்து இறங்கினால் அந்த முகவரியில் ஒரு கிழவி பல வருடமாகக் குடியிருக்கிறா. ஆள் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு க்ரோனர்கூட அனுப்பக்கூடாது. இங்கே உங்களுக்கு ஆள் இல்லையென்றால், இந்த ஊர்த் தமிழ் ஆட்களிடம் கேளுங்கோ, யாராவது போய்ப் பார்த்துச் சொல்லுவார்கள்.

இன்னொன்று, வீட்டுச் சொந்தக்காரரோடு நேரே போடும் முதல் கை ஒப்பந்தம், வாடகைக்கு இருப்பவரோடு போடும் இரண்டாம் கை ஒப்பந்தம் என்று இருக்கு. வாடகைக்கு இருப்பவர் தன் வீட்டை உங்களுக்கு மறுவாடகைக்குத் தருகிறார் என்றால், வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் அவரிடம் இருக்க வேண்டும். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கோ. சம்மதம் இல்லாத வீடு என்றால் ஒரு நாள் இரண்டு பேரும் வெளியே நிற்க வேண்டிவரும்.

கோவைமலர்

மிக்க நன்றி. சாவி கூரியர் விளம்பரம் போலவே ஒன்றை நேற்று ஒரு ஃபேஸ்புக் குழுவில் பார்த்தேன்! அப்பாவிடம் காட்டிவிட்டேன், மூடிவிட்டோம்.

அவருடைய கேள்விகள்: எவ்வளவு பணம் காட்ட வேண்டும்? பகுதிநேர வேலையில் மாதச் செலவைச் சமாளித்துவிடலாம் என்று ஏஜென்சியில் சொன்னார்கள், அது நடக்குமா?

வெட்டர்ன்கரை

அப்பாவுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள், ஐயா. வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குடியிருப்பு அனுமதிக்கு மைக்ரேஷன்ஸ்வெர்கெட்டில், அதாவது குடியேற்ற ஆணையத்தில், மாதத்துக்கு 10,000 க்ரோனருக்குச் சற்று மேல் கணக்கிட்டுக் காட்டச் சொல்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தத் தொகையை மாற்றுவார்கள். பணம் மாணவியின் பெயரில் உள்ள கணக்கில் இருக்க வேண்டும், அப்பாவின் கணக்கில் இருந்தால் செல்லாது. கல்விக்கடனாக இருந்தால் அதை எப்படிக் காட்டுவது என்பதை ஆணையத்தின் தளத்திலேயே படித்துவிட்டு வங்கியில் பேசுங்கள். முதல் தவணைக் கட்டணத்தையும் அனுமதி கிடைக்கும் முன்பே கட்டியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2011 முதல் கட்டணம் உண்டு. அதற்கு முன் எல்லோருக்கும் இலவசமாக இருந்தது. அதனால் "ஸ்வீடனில் படிப்பு இலவசம்" என்று பழைய ஆட்கள் யாராவது சொன்னால் அது அந்தக் காலத்துக் கதை.

வேலைக்கு வருகிறேன். மொழி இல்லாத மாணவருக்குக் கிடைப்பது உணவு டெலிவரி, துப்புரவு, உணவகச் சமையலறை. முதியோர் பராமரிப்பு, கடை, பள்ளி என்று மற்ற எல்லாவற்றுக்கும் ஸ்வீடிஷ் வேண்டும். லின்ஷோப்பிங் மாணவர்கள் நிறைந்த ஊர், இருக்கிற வேலைக்குப் போட்டி கடுமை. எந்த வேலை என்றாலும் சம்பளச் சீட்டு இல்லாமல் செய்யாதீர்கள். ஸ்வீடனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று கிடையாது, தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் போடும் கூட்டு ஒப்பந்தம்தான் கூலியைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் இல்லாத இடத்தில் நம் ஆட்களே நம் ஆட்களைக் குறைந்த கூலிக்குப் பிழிவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

மறக்காமல் இன்னொன்று. அனுமதி ஒரு வருடத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் வரி அலுவலகமான ஸ்காத்தெவெர்கெட்டில் குடியிருப்பவராகப் பதிந்து, பெர்சோன்நும்மர் என்ற அடையாள எண் வாங்க முடியும். அதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் சாவி. அது இருந்தால்தான் வங்கிக் கணக்கு எளிதாகும், பேங்க்-ஐடி என்ற மின் அடையாளம் வரும், ஸ்விஷில் பணம் அனுப்பலாம், ஊர்க்காரர்கள் கொடுக்கும் அதே கட்டணத்தில் மருத்துவம் பார்க்கலாம், நகராட்சியின் இலவச ஸ்வீடிஷ் வகுப்பில் சேரலாம். எண் வந்து, அடையாள அட்டை வந்து, வங்கி திறக்கப் பல வாரம் பிடிக்கும். அதுவரை செலவுக்கு ஃபாரெக்ஸ் கார்டு வைத்திருங்கள். ரொக்கம் வாங்காத கடைகள் இங்கே ஏராளம்.

வடக்குவெளிச்சம்

வடக்கு ஸ்வீடனில் உள்ள உமியோவில் ஆய்வு மாணவி. குளிர், இருட்டு பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், மொழியும் கூடவே வரும்.

குளிரைச் சமாளித்துவிடலாம். வீடு, வகுப்பு, பஸ் எல்லாமே கதகதப்பாக இருக்கும். நம் ஊரிலிருந்து பெட்டி நிறைய ஸ்வெட்டர் சுமந்து வர வேண்டாம், கோட்டும் காலணியும் இங்கேயே வாங்குங்கள். ஆளை வாட்டுவது இருட்டு. டிசம்பரில் உமியோவில் பகல் ஐந்து மணி நேரம்கூடக் கிடையாது. லின்ஷோப்பிங் தெற்கே இருப்பதால் ஆறு மணி நேரம் தேறும், ஆனாலும் மூன்று மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டும். 2012-ல் எங்கள் ஊரில் பஸ் நிறுத்தங்களில் வெயிலுக்கு ஈடான வெள்ளை ஒளி விளக்குகளைப் பொருத்தினார்கள், அந்த அளவுக்கு இது இங்கே எல்லோருக்கும் உள்ள பாடு. மதியம் வெளிச்சம் இருக்கும்போது கட்டாயமாக வெளியே நடந்துவிட்டு வாருங்கள். வைட்டமின் டி பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மனது சரியில்லை என்று தோன்றினால் பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மையத்துக்குப் போகத் தயங்காதீர்கள். நவம்பரில் அறையைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசையும்.

ஸ்வீடிஷ் நாம் நினைப்பது போல் கஷ்டமில்லை. ஆங்கிலம் தெரிந்தவருக்குப் பாதிச் சொற்கள் முன்பே பழகியவை. உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. குறில், நெடில், ஒற்று இரட்டிப்பு என்று நாம் பள்ளியில் படித்ததெல்லாம் அப்படியே இங்கேயும் இருக்கிறது. 'தாக்' என்று நீட்டினால் கூரை, 'தக்' என்று வெட்டினால் நன்றி. இந்த வித்தியாசத்தில் மற்ற நாட்டவர் தடுமாறும்போது நம் காது உடனே பிடித்துவிடும். கஷ்டம் வாக்கிய அமைப்பில் வரும். வினை எப்போதும் இரண்டாவது இடத்தில் வந்து உட்கார வேண்டும். "இன்று போகிறேன் நான் கடைக்கு" என்பது போலப் பேசப் பழக வேண்டும்.

பெரிய தடை எது தெரியுமா? நாம் தட்டுத்தடுமாறி ஒரு வாக்கியம் ஸ்வீடிஷில் சொன்னதும் எதிரில் இருப்பவர் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். அவர்கள் உதவி செய்வதாக நினைக்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே "கான் வி தா தெத் போ ஸ்வென்ஸ்கா?" என்பேன், 'ஸ்வீடிஷிலேயே பேசலாமா' என்று. இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை, உடனே நிதானமாகப் பேசுவார்கள். நூலகங்களில் மொழிக் கஃபே நடக்கும், இலவசம். ஓய்வுபெற்ற அம்மாக்களும் ஐயாக்களும் வந்து உட்கார்ந்து பொறுமையாகப் பேச்சுக் கொடுப்பார்கள். எனக்கு மொழி வந்தது அந்த மேசைகளில்தான். எளிய ஸ்வீடிஷில் வானொலிச் செய்தி உண்டு, '8 சீதோர்' என்ற எளிய செய்தித்தாளும் உண்டு.

வடக்கே வந்தால் இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். இங்கே பலர் 'ஆமாம்' என்று வாயால் சொல்வதில்லை. உதட்டைக் குவித்துச் 'சுப்' என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள், அதுதான் பதில். கடையில் முதல்முறை கேட்டபோது அந்த அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டேன்.

துறைமுகநகர்

அக்கா சொன்ன மொழிக் கஃபே நல்ல யோசனை, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் ஆய்வு மாணவி. இங்கே பி.எச்டி. என்றால் ஊழியர் மாதிரி மாதச் சம்பளம், கட்டணமும் இல்லை, காலமும் நிறைய. கடன் வாங்கி இரண்டு வருடம் படிக்க வரும் பெண்ணுக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு. அவர் துறையில் திறமை காட்டினால் மொழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இன்னமும் சொல்வேன்.

வடமராட்சியான்

தம்பி, அந்தக் கணக்கையே பார்ப்போம். படிப்பு முடிந்தால் வேலை தேட ஒரு வருட அனுமதி கேட்கலாம். அந்த ஒரு வருடத்துக்கும் கையில் காசு காட்ட வேண்டும், படிப்பு அனுமதி முடிய முன்னம் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு வேலை அனுமதிக்கு மாறுவதற்குச் சம்பள வரம்பு இருக்கு. 2023 நவம்பரில் அதை நாட்டின் இடைநிலைச் சம்பளத்தில் 80 விழுக்காடு என்று உயர்த்தினார்கள், அப்போது 27,360 க்ரோனர். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டு போகுது. பொறியியலாளருக்கு அது எட்டக்கூடிய தொகைதான். ஆனால் துறை வேலை கிடைக்கவில்லை, உணவகத்தில் வேலை செய்து இழுத்துப் பிடிப்போம் என்றால் இப்போது சரிவராது.

ஆகவே தங்கச்சிக்கு இருப்பது அந்த ஒரு வருடம். அந்த வருடத்தில் ஸ்வீடிஷை ஆனா ஆவன்னாவில் இருந்து தொடங்க முடியுமா? படிக்க வந்த முதல் பருவத்திலேயே தொடங்கினால்தான் நேர்முகத்தில் நாலு வசனம் கதைக்கலாம். லின்ஷோப்பிங்கில் போர் விமானம் செய்யும் சாப் நிறுவனம் இருக்கு, மின்னணுவியல் படித்தவருக்கு உள்ளூரிலேயே பெரிய இடம். ஆனால் அங்கே பாதுகாப்புப் பின்னணிச் சோதனை உண்டு, பல வேலைகளுக்கு ஸ்வீடன் குடியுரிமை கேட்பார்கள். அதை நம்பி ஊரைத் தெரிவு செய்ய வேண்டாம். இங்கே ஸ்டாக்ஹோமில் எங்கள் ஆட்கள் கிஸ்டா என்று எழுதி ஷிஸ்டா என்று சொல்லும் பகுதியில் எரிக்சன் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் இருக்கு. மாலில் நின்றால் தமிழும் தெலுங்கும் காதில் விழும். அங்கே ஆங்கிலத்தில் வேலை கிடைக்கும், சரி. ஆனால் ஆட்குறைப்பு என்று வந்தால் ஆங்கிலம் மட்டும் தெரிந்த எல்லாரும் அதே பத்து நிறுவனங்களின் கதவைத்தான் தட்ட வேண்டும். ஸ்வீடிஷ் தெரிந்தவருக்கு ஊர் ஊராகக் கதவு இருக்கு.

வாசாக்காற்று

ஒரு சிறு குறிப்பு, பின்லாந்திலிருந்து. இங்கேயும் ஸ்வீடிஷ் ஆட்சிமொழி என்று படித்துவிட்டு, "ஸ்வீடன் இல்லாவிட்டால் பின்லாந்து, அதே மொழிதானே" என்று சிலர் வருகிறார்கள். ஸ்வீடிஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பின்லாந்தில் சுமார் 5 விழுக்காடுதான். ஓலாந்து தீவுகளில் மட்டும் ஸ்வீடிஷ் ஒன்றே ஆட்சிமொழி. 1918-ல் தொடங்கிய ஓபோ அகாடெமி ஸ்வீடிஷ் பல்கலைக்கழகம், ஆனால் அது இருக்கும் துர்க்கு நகரத்தின் தெருவில் கேட்பது பின்னிஷ். எங்கள் வாசாவில் இரண்டும் கேட்கும். இங்கே வருபவர்கள் எந்த ஊரில் வேலை தேடப்போகிறோம் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. மற்றபடி பெட்டியில் துணி எடுத்து வைக்கும் முறை ஒன்றுதான்.

லுண்ட்வாசி

சாப்பாடு பற்றி யாரும் பேசவே இல்லையே! மலர், கொரிடோர் சமையலறையில் தாளிக்கும்போது கவனம். கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கருகி, புகை உணர்வான் அலறினால் கட்டடம் முழுக்கக் காலி செய்துகொண்டு கீழே போய் நிற்க வேண்டும். வீண் அழைப்புக்குத் தீயணைப்புச் செலவை வாடகைதாரர் தலையில் கட்டும் ஒப்பந்தங்களும் உண்டு. மின்விசிறியைப் போட்டு, கதவைச் சாத்தி, சிறு தீயில் தாளியுங்கள். வற்றலைக் கடைசியில் போடுங்கள். கூட இருப்பவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிட்டு, ஒரு நாள் சாம்பார் சாதம் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகு வாசனையைப் பற்றி ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

அரிசி, பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் ஆசியக் கடைகளில் கிடைக்கும். இட்லி மாவு குளிரில் புளிக்காது, ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வையுங்கள். மதியத்துக்கு வெளியே வாங்கித் தின்றால் கட்டுப்படியாகாது. பல்கலைக்கழகத்தில் வரிசையாக மைக்ரோவேவ் இருக்கும், உள்ளூர் மாணவர்களே வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து சூடு செய்துதான் சாப்பிடுவார்கள். அந்த வரிசையில் நிற்பது பேச்சுக் கொடுக்க நல்ல இடம்.

துணி துவைக்கும் அறை பற்றியும் சொல்லியாக வேண்டும். கட்டடத்துக்குப் பொதுவான அறை, நேரம் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். அடுத்தவர் நேரத்தில் உங்கள் துணி இயந்திரத்தில் கிடந்தால் பெரிய குற்றம். முடித்ததும் உலர்த்தியின் பஞ்சுச் சல்லடையைத் துடைத்துவிட்டு, தரையைக் கூட்டிவிட்டு வாருங்கள். இங்கே யாரும் முகத்துக்கு நேரே சத்தம் போட மாட்டார்கள், சுவரில் சீட்டு எழுதி ஒட்டிவிடுவார்கள்.

ஊரிலிருந்து கிளம்பும் முன் பல் வேலை ஏதாவது இருந்தால் முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் இங்கே பணம் தின்னும்.

கோவைமலர்

எல்லாவற்றையும் அப்பா பொறுமையாகப் படித்தார். பகுதிநேர வேலை பற்றிய பதிலை இரண்டு முறை படித்துவிட்டு, அந்த வருமானத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். வேலை தேடும் வருடத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க முடிந்தால்தான் போவது என்று முடிவு. அம்மா நகையைப் பற்றிப் பேச்செடுத்தார், அப்பா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வங்கியில் திரும்பப் பேசப்போகிறோம்.

வீட்டு வரிசையில் நேற்றே பதிந்துவிட்டேன். பல்கலைக்கழகத்தின் வீட்டு விண்ணப்பத்துக்கும் இன்னும் நாள் இருக்கிறது. ஸ்வீடிஷ் இப்போதே தொடங்குவதா, அங்கே வந்து தொடங்குவதா? துறைமுகநகர் அண்ணா சொல்வதும் மனதில் ஓடுகிறது.

துறைமுகநகர்

இப்போது உங்களுக்கு வகுப்பு இல்லையே, அதனால் இப்போதே தொடங்குங்கள். பாடம் தொடங்கிய பிறகு இரண்டையும் சேர்த்து இழுப்பதுதான் கஷ்டம் என்று சொன்னேன். ஆகஸ்டுக்குள் எண்கள், நேரம், கடைப்பேச்சு வந்துவிட்டால் அங்கே பாதி பாரம் குறையும்.

வடமராட்சியான்

அப்படியென்றால் நானும் தம்பியும் ஒரே கட்சி. தங்கச்சி, பல்கலைக்கழகமே வெளிநாட்டு மாணவருக்கு ஸ்வீடிஷ் பாடம் வைக்கும், அதில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், பதிவு திறந்த அன்றே போடுங்கோ. அடையாள எண் வந்த பிறகு நகராட்சி வகுப்பில் பெயர் கொடுங்கோ, மாலை வகுப்பும் இருக்கும். பட்டம் படித்தவர்களை வேகமான பிரிவில் போடுவார்கள். வாத்தியார் கேட்கும்போது என்ன படித்தீர்கள் என்று முழுதாகச் சொல்லுங்கோ, இல்லையென்றால் மெதுவான பிரிவில் மாட்டிக்கொள்வீர்கள்.

வெட்டர்ன்கரை

மலர், டிக்கெட் போடும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறைச் சாவியை அலுவலக நேரத்தில்தான் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு வந்து இறங்கினால் திங்கள்கிழமைவரை விடுதிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். புதிய மாணவர்களை வரவேற்கப் பல்கலைக்கழகம் நாள் குறித்திருக்கும். அன்று காலையிலோ மதியத்திலோ வந்து சேர்வது போலப் பாருங்கள். அர்லாண்டா விமான நிலையத்திலிருந்து லின்ஷோப்பிங்குக்கு ரயில் உண்டு, சீட்டை முன்கூட்டியே எடுத்தால் விலை குறைவு. வந்ததும் இங்கே எழுதுங்கள். என் பழைய சைக்கிள் ரீட்டில் ஒரு நண்பன் வீட்டில் சும்மா நிற்கிறது, விளக்கு மட்டும் மாற்ற வேண்டும்.